இரண்டு பெட்டி, பதினெட்டு நாள்

இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பாட்டை இரண்டிலும் வாசித்துக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு இனி யாரும் என்னிடம் வரவேண்டாம். பெற்ற பிள்ளைகளாக இருந்தாலும் சரி.

போன சனிக்கிழமை சாயங்காலம் என் மகனும் மகளும் டுரியான் துங்காலில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டின் முன்னறையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மகன் கிட்டாருக்காகப் புதிதாக வாங்கிய ஸ்பீக்கர் பெட்டி ஒரு பக்கம். மகள் யாரிடமோ பழையதாக வாங்கியது மறுபக்கம். நடுவில் மகள் கிட்டாரோடு உட்கார்ந்தாள். ஒரே நாலு அடியை இதில் வாசித்தாள், வயரைப் பிடுங்கினாள், அதில் செருகினாள், மறுபடி வாசித்தாள்.

"கேட்டியா? உன்னோடது சளி பிடிச்ச மாதிரி இருக்கு."

"உன்னோடது தகரம் லா. காதுல ஊசி குத்துது."

"உனக்குக் காதே இல்ல, அப்பறம் எங்க குத்தும்?"

சிரிப்பாகத்தான் தொடங்கியது. கால்மணி நேரத்தில் குரல் மாறிவிட்டது. இனிமேல் இவளோடு ஒரே மேடையில் ஏறமாட்டேன் என்று மகன் சொன்னான். யார் உன்னைக் கூப்பிட்டார்கள் என்று மகள் கேட்டாள். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. எது நல்லா இருக்கு?"

நான் எழுந்துபோய் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். "ரெண்டையும் தூக்கி வெளியில போடுங்க" என்று கத்தினேன். மகள் அழுதாள். மகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பாவுக்கு இசையே பிடிக்காது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டிப் படித்தவன் இல்லை. தப்பு இருந்தால் பிள்ளைகள் திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவர்களே, இன்றைக்குக் கிளேபாங்கிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களே, இது உங்கள் கண்ணிலும் படட்டும். அந்த விஜயதசமி உங்களுக்கு நினைவிருக்கும். மறந்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள். மண்டபத்தில் உட்கார்ந்து கை தூக்கியவர்களில் நீங்களும் உண்டு.

அந்த வருஷம் எனக்குப் பதினொரு வயது. எங்கள் தோட்டத்துக்கு ஒரு பேண்டு இருந்தது. ஓர் ஆர்மோனியம், ஒரு தபேலா, ஒரு டிரம், ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார். கிட்டாருக்கு ஓர் அம்ப்ளிபையர், அதன் சத்தம் வெளியே வர ஒரு ஸ்பீக்கர் பெட்டி. தோட்டத்து லோரி ஓட்டுபவர்தான் பேண்டு மாஸ்டர். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டார். அவர் வாசிக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே குந்தியிருந்து விரலைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான் ஒருவன்தான். தீபாவளி ராத்திரி மேடையில் முதல் பாட்டின் ஆரம்ப இசையை நான் தனியாக வாசிக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூட மேசையிலும் அம்மாவின் முறத்திலும் விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில் பழைய பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. தூக்கினால் அடிப்பாகம் மட்டும் தரையிலேயே தங்கிவிட்டது.

அப்பாவுக்கு ரப்பர் சீட் காயவைக்கும் புகைவீட்டில் வேலை. அப்போதுதான் பழைய புகைவீட்டைப் பிரித்தார்கள். உள்ளே சீட் தொங்கப் போட்ட பலகைகள் கறுத்து, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தன. அப்பா மானேஜரிடம் கேட்டுப் பன்னிரண்டு பலகை வாங்கிவந்து, லயத்து வரிசையில் இருந்த எங்கள் வீட்டின் பின்னால் பெட்டி செய்ய ஆரம்பித்தார். மூன்று மாதம் ஆனது. மலாக்காவில் பழைய சாமான் கடை நடத்தும் சீன முதலாளி, ஒரு தவுக்கேயிடம் ஒரு ஸ்பீக்கர் பிடித்தார். பெரிய ஸ்பீக்கர், சோற்றுத் தட்டைவிட அகலம். பின்பக்கம் இரும்பு, முன்பக்கம் காகிதத்தால் செய்த புனல். அதன் நடுவில் குமிழ் போல ஒரு காகித மூடி. பெட்டியின் பின்பக்கத்தை அப்பா மூடாமலே விட்டார். "மூச்சு விடட்டும்" என்றார். அரை மணி நேரம் வாசித்தால் பெட்டி சூடாகிப் புகைவாடை வரும். புகைவீட்டிலிருந்து வரும் அப்பாவின் சட்டையிலும் அதே வாடைதான்.

"உங்கப்பா பெட்டியில வாசிச்சா பக்கத்துல கருவாடு சுடுற மாதிரியே இருக்குடா" என்று டிரம் அடிக்கும் மாமா சொல்லுவார். அப்பா சிரிப்பார். அப்பா சிரித்த கடைசி நாள்கள் அவை என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் எனக்கு அப்படித்தான் நினைவு.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். அலோர் காஜாவில் அரசாங்க ஆபீசில் வேலை. அண்ணன் படிக்கட்டும் என்று தம்பியைப் பத்து வயதில் ரப்பர் பால் வெட்ட அனுப்பினார்கள். அதை அப்பா மறக்கவில்லை. தம்பி கொடுத்த வாழ்க்கை இது என்று யாரும் தன்னிடம் சொல்லிவிடக்கூடாது என்பதில் பெரியப்பா குறியாக இருந்தார். அண்ணன் தம்பி பேசினால் ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு முள் இருக்கும்.

பேண்டுக்குப் பெட்டி இல்லை என்று கேள்விப்பட்ட பெரியப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பெட்டி. கறுப்பு ரெக்சின் ஒட்டி, மூலைகளில் வெள்ளிப் பூண் போட்டு, முன்னால் சாம்பல் நிறத் துணி இழுத்துக் கட்டியது. உள்ளே இரண்டு ஸ்பீக்கர். பின்பக்கம் சுத்தமாக மூடியிருந்தது. மலாக்கா டவுனில் இசைக்கருவி விற்கும் கடையிலிருந்து நேராக வந்த பெட்டி.

"தோட்டத்துப் பிள்ளைங்களும் நல்ல சத்தத்தைக் கேக்கட்டுமேன்னு வாங்குனேன்" என்றார்.

அப்பா கையில் உப்புத்தாள் இருந்தது. முடிந்த பெட்டியின் பலகையைத் தேய்த்துக்கொண்டே, "இத்தனை நாளா கெட்ட சத்தத்தையா கேட்டோம்?" என்றார்.

"நீ கோவிக்காதே தம்பி. விறகுல செஞ்ச பெட்டி விறகு மாதிரிதான் பேசும்."

"விறகுலதான் அண்ணே சோறு வெந்துச்சு. அதைத் தின்னுட்டுத்தான் நீங்க ஸ்கூலுக்குப் போனீங்க."

பெரியம்மா வேனை விட்டு இறங்கவேயில்லை.

அன்றைக்கே மண்டப வாசலில் இரண்டையும் வைத்து மாஸ்டர் என்னை வாசிக்கச் சொன்னார். முதல் ஒப்பீடு அதுதான். அப்பாவின் பெட்டியில் தடித்த கம்பியைத் தட்டினால் சத்தம் முன்னாலும் போகும், பின்னாலும் போகும். சுற்றி நின்றவர்களை யாரோ தோளில் கைபோட்டு அணைத்தது போல இருக்கும். மெல்லிய கம்பி கொஞ்சம் மங்கும். பெரியப்பாவின் பெட்டி வேறு மாதிரி. சத்தம் நேராக ஒரே திசையில் பாயும். மெல்லிய கம்பி பளிச்சென்று வெட்டும். எதிரே நின்றால் சட்டை அதிரும், பக்கவாட்டில் போய் நின்றால் பாதி காணாமல் போய்விடும்.

பெண்கள் எல்லாரும் அப்பாவின் பெட்டி என்றார்கள். வயசானவர்களும் அதைத்தான் சொன்னார்கள். இளவட்டங்கள் சிலர் டவுன் பெட்டி என்றார்கள். அப்பாவின் பக்கம்தான் ஆள் அதிகம்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். என் விரலுக்குப் பெரியப்பாவின் பெட்டிதான் பிடித்திருந்தது. நான் செய்த ஒவ்வொரு சின்னத் தப்பும் அதில் கேட்டது. அது எனக்கு வேண்டியிருந்தது. அப்பா என்னைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டியைப் பாத்துட்டுச் சொல்றீங்க. முகத்தைப் பாத்துட்டுச் சொல்றீங்க. நடுவுல சேலையைக் கட்டுங்க. எது எதுன்னு தெரியாம கேளுங்க. அப்ப பேசலாம்."

"கட்டலாமே" என்றார் அப்பா. "விஜயதசமி அன்னைக்கு வச்சுக்குவோம். ஆயுதபூஜையில ரெண்டு பெட்டியும் சாமி முன்னாடி இருக்கட்டும். மறுநாள் எடுத்து வாசிப்போம். தோத்தவன் பெட்டி தீபாவளி மேடையில ஏறக்கூடாது. தோத்தவன் வாயையும் திறக்கக்கூடாது."

எந்தப் பெட்டி ஜெயித்தாலும் அதில் வாசிக்கப்போவது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு வயதுப் புத்தி அவ்வளவுதான்.

ஆயுதபூஜை மண்டபத்தில் நடந்தது. பால் வெட்டும் கத்திகள், வாளிகள், சைக்கிள்கள், தையல் மிஷின், வெளியே நின்ற மாஸ்டரின் லோரி, பேண்டு சாமான் எல்லாவற்றுக்கும் பூ, சந்தனம், குங்குமம். அம்மா ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து என் கையில் கொடுத்து, "ஒண்ணு விடாம வச்சிட்டு வா" என்றாள். அப்பாவின் பெட்டிக்கு முன்பக்கத் துணி இன்னும் அடிக்கவில்லை. ஸ்பீக்கர் முகம் திறந்தபடி இருந்தது. பெட்டிக்கு எது நெற்றி என்று யோசித்தேன். நடுவில் இருந்த அந்தக் காகிதக் குமிழில் ஐம்பது காசு அளவுக்குச் சந்தனத்தை அப்பி, கட்டைவிரலால் அழுத்தினேன். மேலே குங்குமம் வைத்தேன். அழகாக இருந்தது.

பெரியப்பாவின் பெட்டிக்கு வைக்கப் போனபோது அவர் என் கையைத் தட்டிவிட்டார். சந்தனம் தரையில் சிந்தியது.

"முன்னாடி எதையும் ஒட்டக்கூடாதுன்னு கடைத் தவுக்கே சொல்லியிருக்கான். பக்கத்துல ஒரு பூவை மட்டும் வை, போதும்."

மண்டபம் முழுக்க ஆள். அப்பா இதற்காகவே காத்திருந்தவர்போல் குரலை உயர்த்தினார். "பாத்துக்கோங்க. சாமிக்கே இடமில்லாத பெட்டி. நம்ம மேடைக்கு வருதாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. அப்பா ஆணியையும் சுத்தியலையும் எடுத்துவந்து, அம்மாவின் பழைய பச்சைச் சேலைத் துண்டைத் தன் பெட்டியின் முகத்தில் இழுத்து அடித்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். "சாமி உள்ளேயே இருக்கட்டும்" என்று ஊருக்குக் கேட்கும்படி சொல்லித்தான் கடைசி ஆணியை அறைந்தார்.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள்வரை தொடக்கூடாது. யாரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் மேடைக்குக் குறுக்கே நாலு சேலையைச் சேர்த்துக் கட்டினார்கள். சேலைக்குப் பின்னால் நான், கிட்டார், இரண்டு பெட்டிகள், வயரை மாற்றிச் செருக மாஸ்டர். முன்னால் தோட்டம் முழுக்க. முதல் வரிசையில் ஒரு கோடியில் அப்பா, மறுகோடியில் பெரியப்பா.

"ஒண்ணாவது பெட்டி" என்று மாஸ்டர் கத்தினார். அது டவுன் பெட்டி. நான் நாலு அடி வாசித்தேன். சுத்தமாகப் பாய்ந்தது. கைதட்டல் வந்தது.

"ரெண்டாவது பெட்டி." தடித்த கம்பியைத் தட்டினேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். நான் பயந்து நிறுத்தினேன். மாஸ்டர் வயரை அசைத்துப் பார்த்தார், மறுபடி வாசிக்கச் சொன்னார். கரகரவென்று ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே ஏதோ உதறியது. கிட்டார் சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கியிருந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"யார் வீட்டு ஆடு லா இருமுது?" என்று ஒரு குரல்.

"ஒண்ணாவது பெட்டிக்குக் கை தூக்குங்க" என்றார் மாஸ்டர். நான் சேலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பெட்டிதான் என்று சொன்ன பெண்கள், எங்கள் வீட்டில் தினம் தேத்தண்ணி குடித்த மாமா, என்னோடு கோலி விளையாடிய நீங்கள், எல்லாரும் கை தூக்கினீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல முடியாது, காது இருக்கிறவன் வேறு எதற்குத் தூக்குவான்? ஆனாலும் அந்தக் கைகள் எனக்கு மறக்கவில்லை.

அப்பா சேலையைப் பிடித்துக் கிழித்துக்கொண்டு மேடையில் ஏறினார். பெட்டியை ஒரு தடவை பார்த்தார். அப்படியே திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார்.

"காலையில எல்லாருக்கும் முந்தி மண்டபத்துக்கு வந்தது யாரு? நீங்கதானே? உள்ளே பிளேடு போட்டு ஸ்பீக்கரைக் கிழிச்சிட்டீங்க."

பெரியப்பா எழுந்து நின்றார். இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஆமாண்டா. அப்படியே வச்சுக்கோ" என்றார்.

"கூடப் பிறந்தவனா நீ? திருட்டு நாயே!"

"தோத்தவன் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொன்னது நீதானே? மூடு."

அப்பா மேடையிலிருந்து குதித்தார். நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். பிடித்தவர்களின் கையை உதறிக்கொண்டே அப்பா சொன்னது இது: "இனி என் வீட்டுல யாராவது அவன் பேரைச் சொன்னா நாக்கை அறுப்பேன். நான் செத்தா அவன் வரக்கூடாது." பிறகு என்னைத் தேடினார். நான் கிட்டாரைப் பிடித்தபடி நின்றிருந்தேன். "அதைக் கீழே வை. அவன் பெட்டியில வாசிக்க மேடை ஏறுன, காலை ஒடச்சிடுவேன்."

வைத்துவிட்டேன்.

தீபாவளி ராத்திரி டுரியான் துங்காலிலிருந்து யாரோ ஒரு கிட்டார்க்காரரை அழைத்துவந்தார்கள். நான் லயத்து வீட்டில் சுவரோரம் படுத்திருந்தேன். டவுன் பெட்டியின் சத்தம் தெளிவாக அங்கேயும் வந்தது. என்னுடைய ஆரம்ப இசையில் அவர் இரண்டு இடத்தில் தப்பு விட்டார். இரண்டும் கேட்டது.

அப்பாவின் பெட்டி மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது வெறும் பலகைக்கூடாக இருந்தது. அதைப் பின்னால் போட்டார். கோழி அதில் முட்டையிட்டது. அந்த முட்டையை அப்பா ஒருநாளும் சாப்பிடவில்லை. நான் அதன்பிறகு கிட்டாரைத் தொடவில்லை. தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தோம். அப்பா போய் ஒன்பது வருஷம். பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வரவில்லை. பிளேடு போட்டவன் எந்த முகத்தோடு வருவான் என்று எல்லாரையும்போல நானும் சொன்னேன்.

போன சனிக்கிழமைக்குத் திரும்ப வருகிறேன். மகள் அழுதுகொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அலமாரி மேல ஒரு மூட்டை இருக்கு. எடு" என்றாள்.

பச்சைச் சேலைத் துண்டில் சுற்றிய மூட்டை. வீடு மாறியபோது அப்பா யாரையும் தூக்கவிடாமல் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அவிழ்த்தேன். அப்பாவின் ஸ்பீக்கர். காகிதம் எங்கேயும் கிழியவில்லை. பிளேடு பட்ட இடம் எதுவும் இல்லை. நடுக்குமிழில் மட்டும் மஞ்சளாக ஒரு வட்டக் கறை. அந்த வட்டத்துக்குள் காகிதம் நுணுக்கமாகச் சுரண்டப்பட்டிருந்தது. குமிழின் நடுவே ஒரு சின்னப் பள்ளம். சின்னக் கட்டைவிரல் அளவு.

"சந்தனம் காஞ்சு வெடிச்சு, வில்லை வில்லையா நின்னுச்சு" என்றாள் அம்மா. "அதுதான் அப்படிக் கரகரன்னுச்சு. மறுநாள் மத்தியானம் கழட்டிப் பாத்தாரு. சவரக் கத்தியால சுரண்டி எடுத்தாரு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லுங்கன்னு கால்ல விழாத குறையாச் சொன்னேன். ஊரைக் கூட்டி வச்சுத் திட்டியாச்சு, இனி எதை வச்சு அதைத் திருப்பி வாங்குறதுன்னாரு. உன் பேரும் வெளிய வரக்கூடாதுன்னாரு. உன்னைக் காப்பாத்தத்தான்டா."

என்னைக் காப்பாற்றினாராம். பிள்ளைகளே, உங்கள் பாட்டி சொல்வதை நான் நம்பவில்லை. பொட்டு வைத்த பையனை ஊர் என்ன செய்திருக்கும்? சிரித்திருக்கும், அவ்வளவுதான். உள்ளேயே இருக்கட்டும் என்று துணியடித்தது யார் என்றும் ஊர் கேட்டிருக்கும். அவர் காப்பாற்றியது அந்தக் கேள்வியிலிருந்து தன்னைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பீக்கரைக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு அலோர் காஜாவுக்குப் போனேன். பெரியப்பாவுக்கு எண்பத்தைந்துக்கு மேல். காதில் மிஷின். இரும்புக் கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"யாரு? தம்பி மகனா? என்னா வேணும்?"

"பெரியப்பா, அன்னைக்கு நீங்க ஒண்ணும் செய்யல. சந்தனம்தான். நான்தான் வச்சேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ முதல் தட்டுத் தட்டுனப்பவே தெரியும். காகிதத்துல ஒண்ணும் ஒட்டாதேன்னு தவுக்கே எங்கிட்டச் சொன்னது அதுக்குத்தானே."

"அப்பறம் ஏன் சொல்லல? ஆமான்னு வேற சொன்னீங்க!"

அவர் கையை நாற்காலியில் ஊன்றி முன்னால் சாய்ந்தார். கோபத்துக்கு வயதாகவேயில்லை. "சாமிக்கே இடமில்லாத பெட்டின்னு சொன்னான்ல உங்கப்பன்? சந்தனத்தாலதான் கெட்டுச்சுன்னு நான் சொல்லியிருந்தா என்னா சொல்லியிருப்பான்? டவுனுக்குப் போயி சாமியையே பழிக்கிறான்னு அதுக்கும் ஊரைக் கூட்டியிருப்பான். அதோட, ஜெயிச்சது என் பெட்டி லா. நான் ஏன் வாயைத் திறக்கணும்?"

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் கழட்டிப் பாக்காமலா இருந்திருப்பான்? அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். வந்தானா?"

"வந்திருந்தா?"

"வந்திருந்தா அந்தப் பெட்டியைத் தூக்கி அவன் தலையிலேயே போட்டிருப்பேன்." நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். "போட்டுட்டு, சாப்பிட்டுப் போடான்னு சொல்லியிருப்பேன்."

ஸ்பீக்கர் காரில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை அசைத்துப் போகச் சொன்னார். நான் காரின் கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"டேய். நான் பெட்டி கொண்டுவந்த அன்னைக்கு அவன் பெட்டிதான் நல்லா இருந்துச்சு."

"எனக்கு உங்க பெட்டிதான் பிடிச்சுது, பெரியப்பா."

அவர் அதற்குள் காதிலிருந்து மிஷினைக் கழற்றியிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகனும் திரும்பியிருந்தான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முன்னறையில் ஆளுக்கொரு மூலை. அப்பாவின் ஸ்பீக்கரை மேசைமேல் மல்லாக்க வைத்தேன். "இதை மாட்டுங்க" என்றேன். மகன் வயரைப் பிடித்தான், மகள் கிட்டாரை எடுத்தாள்.

பெட்டி இல்லாமல் ஸ்பீக்கர் மட்டும் வாசித்தால் சத்தத்துக்கு உடம்பே இருக்காது. அடுத்த லயத்தில் யாரோ பேசுவது போல மெலிதாக வந்தது. "தடிச்ச கம்பி" என்றேன். மகள் தட்டினாள். நான் குனிந்து காதைப் பக்கத்தில் வைத்தேன். "இன்னும் பலமா." தட்டினாள். "இன்னும்."

கரகரப்பு இல்லை. ஒரு துளிகூட இல்லை. சுத்தமாக இருந்தது.

"நல்லா இருக்கே பா" என்றான் மகன். "எப்பலேருந்து இப்படியே கிடக்கு?"

அம்மா உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். விஜயதசமிக்கு மறுநாள் மத்தியானம் சுரண்டி முடித்தார் என்று அவள்தானே சொன்னாள். நான் விரல்விட்டு எண்ணினேன். அன்றைக்குத் தீபாவளி மேடைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.